துப்பாக்கிக் கட்டைய வீட்லயே வளைச்ச அனுபவம்: 6 மில்லிமீட்டருக்கு ரெண்டு நாள்

மாமா இடதுகைப் பழக்கக்காரர். அவர் சுடறத நிறுத்தினதும் அவரோட 12 போர் இரட்டைக்குழல் ஷாட்கன் (சின்னச் சின்ன குண்டுகள சிதறடிச்சுச் சுடற துப்பாக்கி) என் கைக்கு வந்துச்சு, ரெண்டு குழலும் பக்கத்துப் பக்கத்துல இருக்கற பழைய பாக்ஸ்லாக் மாடல் (சுடற பொறி இரும்பு உடலுக்குள்ளயே இருக்கும்), நல்ல வால்நட் கட்டை (தோள்ல வெச்சுப் பிடிக்கற மரப் பகுதி), பிஸ்டல் கிரிப் எல்லாம் இல்லாம நேரா போற மெலிசான கைப்பிடி. எனக்கு வலது தோள். தூக்கிப் பாத்தப்ப எடை, நீளம் எல்லாம் எனக்குன்னே செஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, ஆனா காத்துல பறக்க விடற களிமண் தட்டு சுடப் போனா ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடந்துச்சு. வலதுலேர்ந்து இடதுக்குப் பறக்கற தட்டு சுலபமா உடையுது, இடதுலேர்ந்து வலதுக்குப் போறது மட்டும் உடையவே மாட்டேங்குது, ஒவ்வொரு தடவையும் ஷாட் தட்டுக்குப் பின்னாடிதான் போகுது. எனக்கு லீட் குடுக்க, அதாவது பறக்கற தட்டுக்கு முன்னாடி தள்ளிச் சுடத் தெரியலைன்னு நினைச்சு ரெண்டு மாசம் பயிற்சி பண்ணிக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் புரிஞ்சது, துப்பாக்கி மொத்தமாவே இடது பக்கம் சுடுது. அப்படி இருந்தா இடதுக்குப் போற தட்டுக்கு லீட் தானா கிடைச்சிடும், வலதுக்குப் போறதுக்கு அதே அளவு குறைஞ்சிடும்.

ஷாட்கன்ல பொதுவா பின் சைட்னு (குறி பாக்க கண்ணுகிட்ட இருக்கற அடையாளம்) ஒண்ணு கிடையாது, நம்ம கண்ணுதான் பின் சைட். கண்ணு எங்க வந்து உக்காரணும்னு தீர்மானிக்கறது கட்டை. கன்னம் வைக்கற மேல் விளிம்புக்கு கோம்ப்னு பேரு, பின்னாடி தோள்ல படற பகுதியோட மேல் முனை ஹீல், கீழ் முனை டோ. ரிப் (குழல் மேல நீளமா ஓடற பட்டை) மட்டத்துலேர்ந்து கோம்பும் ஹீலும் எவ்வளவு கீழ இறங்கியிருக்குங்கறது டிராப். கட்டை பக்கவாட்டுல எவ்வளவு சாஞ்சிருக்குங்கறது காஸ்ட், வலதுகைக்காரனுக்காக வலது பக்கம் சாஞ்சா காஸ்ட் ஆஃப், இடதுகைக்காரனுக்காக இடது பக்கம் சாஞ்சா காஸ்ட் ஆன். மாமாவோட துப்பாக்கில காஸ்ட் ஆன் இருக்கு. நான் வலது தோள்ல வெச்சா என் கண்ணு ரிப்புக்கு இடது பக்கமா தள்ளி நிக்கும், அங்கேர்ந்து முன்னாடி குழல் முனைல இருக்கற பீட் (சின்ன மணி) வழியா பாத்தா குழல் இடது பக்கம் திரும்பித்தான் நிக்கும். காரணம் இவ்வளவுதான்.

ஆனா கட்டையில கை வைக்கறதுக்கு முன்னாடி மத்த காரணங்கள ஒவ்வொண்ணா தள்ளிட்டு வந்தேன், இத எல்லாரும் கட்டாயம் பண்ணணும்னு சொல்லுவேன். முதல்ல கண்ணு: வலது தோள்ல சுடறவனுக்கு இடது கண்ணு ஆதிக்கமா இருந்தா இதே மாதிரி இடது பக்கம்தான் போகும், அதுக்கு மரத்த வளைச்சு ஒண்ணும் ஆகாது. ரெண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவுல சின்ன ஓட்டை வெச்சு தூரத்துல ஒரு பொருளப் பாத்து, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாத்தேன், எனக்கு வலதுதான். ரெண்டாவது குழல்: ரெண்டு குழல சேத்து ஒட்டும்போதே கோணல் இருந்திருக்கலாம், அதனால மணல் மூட்டை மேல வெச்சு பீட்ட ரிப்போட நடுவுல சரியா நிறுத்தி நிதானமா சுட்டுப் பாத்தேன், நடுவுல விழுந்துச்சு. அப்ப குழல் மேல தப்பு இல்ல.

அப்புறம்தான் பேட்டர்ன் பிளேட். பெரிய இரும்புத் தகடு, வெள்ளைப் பெயிண்ட், நடுவுல ஒரு கருப்புப் புள்ளி. 16 கெஜ தூரம், அதாவது 14.6 மீட்டர். இந்தத் தூரம் சும்மா வெச்சது இல்ல. கண்ணுக்கும் குழல் முனைல இருக்கற பீட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு கெஜம், தகடு அதுக்கு 16 மடங்கு தூரத்துல, அதனால தகடுல 16 மில்லி மீட்டர் தள்ளி விழுந்தா கன்னத்துகிட்ட கட்டை 1 மில்லி மீட்டர் மாறணும்னு அர்த்தம். பழைய கணக்குல தகடுல ஒரு அங்குலத்துக்கு கட்டைல ஒரு அங்குலத்துல பதினாறுல ஒரு பங்குன்னு சொல்லுவாங்க. குறி பாக்கவே கூடாது, புள்ளியப் பாத்துக்கிட்டே துப்பாக்கிய தூக்கி, கன்னத்துல பட்டதும் சுடணும். சோக் (குழல் முனைல இருக்கற குறுகல்) டைட்டா இருக்கற குழல்ல எட்டு ஷாட் போட்டேன், எல்லாத்தோட நடுவையும் சேத்துப் பாத்தா புள்ளிலேர்ந்து 50 மில்லி மீட்டர் இடது பக்கம். உயரம் சரியா இருந்துச்சு. ஆக கன்னத்துகிட்ட 3 மில்லி மீட்டர், தச்சுக் கணக்குல சொன்னா ஒரு நூல்.

இத ஏன் வளைக்கணும், வேற வழி இல்லையான்னு கேக்கலாம். செமி ஆட்டோ, பம்ப் மாதிரி துப்பாக்கி நிறையதுல கட்டைக்கும் ரிசீவருக்கும் (கட்டை மாட்டற இரும்பு உடல்) நடுவுல வைக்கற ஷிம், அதாவது மெல்லிசு தகடு, கூடவே வரும், அத மாத்தினாலே காஸ்ட்டும் டிராப்பும் மாறிடும், அவங்க இந்த வேலைக்கே வர வேண்டாம். கோம்ப் தாழ்வா இருந்தா மேல தோல் துண்டு ஒட்டி உயர்த்திப் பாக்கலாம். ஆனா எனக்கு கண்ணு வலது பக்கம் போகணும், அப்படின்னா கன்னம் படற இடத்துல மரம் குறையணும், ஒட்டினா இன்னும் இடது பக்கம்தான் தள்ளும். கோம்போட பக்கத்த சீவி எடுக்கறவங்களும் இருக்காங்க. சீவின மரம் திரும்ப வராது, வளைச்சது பிடிக்கலைன்னா திருப்பி வளைச்சுக்கலாம், நாளைக்கு வீட்ல இன்னொரு இடதுகைக்காரர் வந்தா மறுபடி அந்தப் பக்கமே கொண்டு போகலாம். மாமா கை வெச்சுத் தேஞ்ச மரத்த சீவ எனக்கு மனசும் வரல.

எல்லாக் கட்டையும் வளைக்கற கட்டை இல்ல. கைப்பிடிப் பகுதில மரத்தோட ரேகை நீளவாக்குல ஓடணும், குறுக்கால வெட்டிக்கிட்டுப் போனா அந்தக் கட்டைய விட்டுடுங்க, ரேகை எங்க வெளிய வந்து முடியுதோ அங்கதான் உடையும். ஏற்கனவே உடைஞ்சு ஒட்டினதான்னு பாக்கணும், எப்பாக்ஸி சூட்டுல இளகிடும். பாலியூரித்தேன், லாக்கர் அடிச்ச கட்டைன்னா சூட்டுல கொப்புளம் வந்து உரிஞ்சிடும், எண்ணெய் ஃபினிஷ்னா பிரச்சினை இல்ல. பின்னாடிலேர்ந்து நீளமா ஒரு போல்ட் போட்டு முறுக்கியிருக்கற மாடல்ல வளைச்சதுக்கப்புறம் போல்ட் ஓட்டையில உரசும், அது தனி வேலை. சைட்லாக் துப்பாக்கில லாக் உக்கார முன் பக்கம் நிறைய மரத்த குடைஞ்சிருப்பாங்க, அத நான் வீட்ல தொட மாட்டேன். என்னோடது பாக்ஸ்லாக், நேர் கைப்பிடி, எண்ணெய் ஃபினிஷ், ரேகை ஆத்துத் தண்ணி மாதிரி கைப்பிடி வழியா அழகா வளைஞ்சு போகுது. டார்ச் அடிச்சு பூதக்கண்ணாடி வெச்சு ஒரு மணி நேரம் பாத்தேன், முக்கியமா இடது பக்கத்த, ஏன்னா கட்டைய வலது பக்கம் தள்ளும்போது இழுபடப் போறது இடது பக்கம்தான்.

அளவு எடுக்கறது: துப்பாக்கி காலியா இருக்குன்னு ரெண்டு தடவை பாத்துட்டு (தோட்டா எல்லாம் வேற ரூம்ல பூட்டி இருக்கு), தலைகீழா சமமான மேஜை மேல ரிப் படற மாதிரி வெச்சேன், பீட் மட்டும் மேஜை விளிம்புக்கு வெளிய தொங்கணும், இல்லன்னா அளவு தப்பாகும். மேஜைலேர்ந்து கோம்ப் 38, ஹீல் 60. காஸ்ட்டுக்கு குழல் முனைல ரெண்டு குழலுக்கும் நடுவுலேர்ந்து ரிப்போட நடு வழியா மெல்லிசு நூல் இழுத்து ஹீல் தாண்டிக் கட்டினேன். ஹீலோட நடு நூல்லேர்ந்து 3 மில்லி மீட்டர் இடது பக்கம். கன்னம் படற இடம், வளையப் போற கைப்பிடிக்கும் ஹீலுக்கும் ஏறக்குறைய பாதி வழில இருக்கு, அதனால கன்னத்துல 3 மாறணும்னா ஹீல்ல 6 மாறணும். மைனஸ் 3லேர்ந்து பிளஸ் 3க்கு வரணும். டோ அதவிட ஒரு 2 மில்லி கூட வலது பக்கம் போனா நெஞ்சுல நல்லா உக்காரும்.

பயம் இருந்துச்சு, அதனால கணக்குப் போட்டுப் பாத்தேன். வளைவுக்கும் ஹீலுக்கும் 260 மில்லி மீட்டர், அதுல 6 மில்லின்னா ஒண்ணேகால் டிகிரிக்குக் கொஞ்சம் மேல. கைப்பிடி அகலம் 36, வளைவு 70 மில்லி நீளத்துல பரவினா இடது பக்க நார் இழுபடறது 0.4 மில்லி, நூத்துக்கு 0.6 பங்கு. சூடான மரம் நல்லா அமுங்கிக் குடுக்கும், ஆனா இழுத்தா நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பங்குதான் தாங்கும். நான் அதுக்குள்ளதான் இருக்கேன்னு தெரிஞ்சதும் தைரியம் வந்துச்சு. அந்த 70 மில்லியும் முழுசா சூடாகணும்னும் அப்பவே புரிஞ்சது, ஒரே இடம் மட்டும் சூடானா மொத்த இழுப்பும் அங்கயே விழும்.

மரத்த வளைய வைக்கறது சூடு மட்டும்தான். நார்களுக்கு நடுவுல பசை மாதிரி இருக்கற லிக்னின் சூட்டுல இளகுது, நார் ஒண்ணு மேல ஒண்ணு லேசா நழுவுது, ஆறினதும் புது இடத்துலயே இறுகிடுது. எண்ணெய் சூட்ட மரத்துக்குள்ள சமமா கடத்தறதுக்கும், மேல்பரப்பு கருகாம, காய்ஞ்சு வெடிக்காம இருக்கறதுக்கும்தான். பழைய துப்பாக்கிப் பட்டறைல லின்சீட் ஆயில (ஆளிவிதை எண்ணெய்) கொதிக்கக் காய்ச்சி கைப்பிடில ஊத்திக்கிட்டே இருப்பாங்க. வீட்ல அடுப்பு மேல அவ்வளவு எண்ணெய காய்ச்சறது எனக்கு சரியாப் படல, அதனால லேம்ப் முறை. நீராவியும் மரத்த வளைக்கும்தான், ஆனா இரும்பு உக்கார துல்லியமா குடைஞ்ச இடமெல்லாம் ஈரத்துல ஊதிடும், ஃபினிஷ் பண்ணின கட்டைக்கு அது வேண்டாம்.

ஜிக் (கட்டைய பிடிச்சு வளைக்கற சட்டம்) செய்யறதுக்கே ஒரு முழு நாள் ஆச்சு. ஒரு மீட்டர் நீளம் 50 மில்லி கனம் பலகை, அத பெஞ்ச்ல போல்ட் போட்டு இறுக்கியாச்சு. ஒரு முனைல ஆக்ஷன (குழலும் கட்டையும் சேர்ற இரும்பு உடல்) பிடிக்க தோல் ஒட்டின ரெண்டு மரக்கட்டை, இன்னொரு முனைல ஹீலுக்கு ரெண்டு பக்கமும் நிக்கற மாதிரி ரெண்டு தூண், ஒவ்வொண்ணுலயும் 12 மில்லி த்ரெட் ராடு, முனைல மரத் தக்கை. இடது பக்க ராட முறுக்கினா கட்டை வலது பக்கம் போகும். தக்கைய ஹீலுக்குக் கொஞ்சம் கீழ, டோ பக்கமா படற மாதிரி வெச்சேன், அப்பதான் டோ கூடுதலா திரும்பும். பலகைல ஒரு ஸ்கேல் ஒட்டி, ஹீல் நடுவுல ஒரு ஊசி.

குழலக் கழட்டி பூட்டி வெச்சாச்சு. டிரிகர் கார்ட கழட்டினேன், பின்னாடி இருந்த ரப்பர் பேடையும் கழட்டினேன், அது எண்ணெய்ல ஊதிடும். ஆக்ஷன் பாடி மட்டும் கட்டையோடயே இருக்கட்டும்னு விட்டேன், அது உள்ள இருந்தாதான் குடைஞ்ச இடம் தன் வடிவத்துலயே நிக்கும். கைப்பிடி மேல போற நாக்கு மாதிரி இரும்பு எங்க முடியுதோ, அங்க ஒரு ஸ்க்ரூ மரத்த ஊடுருவிப் போகுது, மரத்துல பலவீனமான இடமே அந்த ஓட்டைதான். வளைவு அதுக்குப் பின்னாடி தள்ளி விழணும், அதனால ஓட்டை வரைக்கும் அலுமினியத் தாள் சுத்தி சூடு படாம மறைச்சேன்.

கைப்பிடில பருத்தித் துணி மூணு சுத்து. பச்சை லின்சீட் ஆயில் ஊத்தி நனைச்சேன், கடைல பாயில்டுன்னு வர்றது வேண்டாம், அதுல சீக்கிரம் காயறதுக்கு மருந்து கலந்திருப்பாங்க, சூட்டுல பிசுபிசுன்னு ஒட்டிக்கும். ரெண்டு பக்கமும் 250 வாட் இன்ஃப்ராரெட் பல்ப், 12 சென்டி மீட்டர் தள்ளி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரஷ்ல எண்ணெய், துணி காயவே கூடாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வெச்சு துணி மேல 140 டிகிரிகிட்ட நிறுத்தினேன், 150 தாண்டினா பல்ப தள்ளி வைக்கணும். லின்சீட் ஆயிலோட ஆவி தீப்பிடிக்கற சூடு 200க்கு மேலதான், இருந்தாலும் புகை தெரிஞ்சாலே அது எச்சரிக்கை. பக்கத்துலேர்ந்து நகரக் கூடாது, தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டற தூரத்துல, எண்ணெய்த் தீக்குத் தண்ணி ஊத்தவே கூடாது.

முதல் நாள் நான் பண்ணின தப்பு பொறுமை இல்லாம போனது. 20 நிமிஷத்துல துணி 140 காட்டுச்சு, ராட முறுக்க ஆரம்பிச்சேன். முறுக்க முறுக்க வந்துச்சு, ஆனா கைக்கு நல்லா எதிர்ப்பு தெரிஞ்சது. மேல சூடாயிருக்கு, நடு மரம் இன்னும் சூடாகல, அதனால நடு மரம் ஸ்பிரிங் மாதிரி வளைஞ்சு நிக்குது, எனக்குத்தான் அது புரியல. பிளஸ் 5 வரைக்கும் கொண்டு போய், திரும்பி வரும்னு 2 மில்லி கூடுதல் வெச்சாச்சுன்னு நிம்மதியா பல்ப அணைச்சு, மூணு மணி நேரத்துல தொட்டுப் பாத்தா வெளிய ஆறியிருக்கு, ராட லூஸ் பண்ணிட்டேன். கண்ணு முன்னாடியே ஊசி பின்னாடி நகருது. 3, 2, காலைல பாத்தா சரியா பூஜ்ஜியம். 8 மில்லி வளைச்சதுல 3 தான் நின்னுச்சு.

மறுநாள் 40 நிமிஷம் சும்மா சூடு மட்டும் ஏத்தினேன், ராட தொடவே இல்ல. அதுக்கப்புறம் தக்கை மரத்தத் தொடற வரைக்கும் முறுக்கிட்டு, கால் சுத்து, ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கறது, மறுபடி கால் சுத்து. இந்தத் தடவை வித்தியாசம் விரல்லயே தெரிஞ்சது. கால் சுத்து முறுக்கினதும் ராடு டைட்டா இருக்கு, ரெண்டு நிமிஷம் கழிச்சு அதே ராடு தானா தளர்ந்து கிடக்கு, மரம் உள்ள நகர்ந்து இடம் குடுத்திருச்சு. அந்தத் தளர்ச்சி வந்தாதான் அடுத்த கால் சுத்து, வரலைன்னா இன்னும் சூடு ஏறணும்னு அர்த்தம், கை பலத்தக் காட்டக் கூடாது. காதயும் தீட்டி வெச்சிருந்தேன், டிக்னு ஒரு சத்தம் வந்தா அந்த நொடியே ரெண்டு சுத்து தளத்திடணும்னு முடிவு பண்ணியிருந்தேன், வரல. பிளஸ் 6ல நிறுத்தினேன். பல்ப அணைச்சும் ராட தொடல, அன்னிக்கு ராத்திரி முழுக்க, மறுநாள் சாயந்தரம் வரைக்கும், மொத்தம் 24 மணி நேரத்துக்கு மேல அப்படியே இருந்துச்சு. லூஸ் பண்ணினப்ப ஊசி பிளஸ் 3.5க்கு வந்து நின்னுச்சு. டோ அதவிட 2 மில்லி கூட வலது பக்கம். டிராப் அளந்தேன், ஹீல் 61, கோம்ப் மாறல.

இதுக்கு நடுவுல அந்த எண்ணெய்த் துணி. இத பெருசா எழுதணும்னு தோணுது, ஏன்னா கட்டை உடைஞ்சா கட்டையோட போச்சு, இது வீட்டையே எரிச்சிடும். லின்சீட் ஆயில் காயும்போது காத்துல இருக்கற ஆக்சிஜன இழுத்து தானா சூடாகும், கசக்கிச் சுருட்டிப் போட்ட துணில அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம ஏறிக்கிட்டே போய் தீக்குச்சி இல்லாமலே பத்திக்கும். கைப்பிடிலேர்ந்து கழட்டின உடனே மூடி போட்ட தகர டப்பால தண்ணி ஊத்தி அதுக்குள்ள முக்கினேன், மத்த துடைச்ச துணிகள வெளிய ஒத்தையா விரிச்சுக் காய வெச்சேன். குப்பைக் கூடைல ஒரு துண்டு கூடப் போடல.

கைப்பிடில வெட்டியிருக்கற செக்கரிங் கோடுகள்ல எண்ணெய் தேங்கி இருந்துச்சு, அது காய்ஞ்சா கோந்தா இறுகிடும், அதனால அன்னிக்கே பழைய டூத் பிரஷ்ல டர்பன்டைன் தொட்டு கோடு கோடா தேய்ச்சு எடுத்தேன். மத்த இடத்த துடைச்சு விட்டதோட சரி, வளைஞ்ச இடத்துல மரம் ஒரு ஷேடு கருத்திருக்கு, எனக்கு அது பிடிச்சுத்தான் இருக்கு.

திரும்ப மாட்டும்போதுதான் டிரிகர் கார்டு தகராறு பண்ணுச்சு. அதோட வால் கைப்பிடி அடில நீளமா மரத்துக்குள்ள பதிஞ்சு போகும், மரம் வளைஞ்சிருச்சு, வால் நேரா இருக்கு, கடைசி ஸ்க்ரூகிட்ட ஒரு மில்லி விலகி நிக்குது. இங்க ஸ்க்ரூவ முறுக்கி இழுத்து உக்கார வைக்க ஆசை வரும், செய்யாதீங்க, பள்ளத்தோட ஓரம் சிதறிடும். வைஸ்ல செப்புத் தகடு வெச்சுப் பிடிச்சு, கையாலயே கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு, மாட்டிப் பாத்து, கழட்டி, மறுபடி வளைச்சு, ஏழெட்டு தடவை. கடைசில விரலால அழுத்தினாலே பள்ளத்துல போய் உக்காந்துச்சு, அப்புறம்தான் ஸ்க்ரூ போட்டேன்.

ஒரு வாரம் விட்டுட்டு அதே தகடு, அதே 16 கெஜம், அதே எட்டு ஷாட். நடு புள்ளிலேர்ந்து 6 மில்லி வலது பக்கம், அரை மில்லி கூடுதலா வளைஞ்சது அங்கயே தெரியுது. ஒரு மாசம் கழிச்சு நூல் இழுத்துப் பாத்தப்ப காஸ்ட் 3க்கு வந்திருச்சு, அதுக்கப்புறம் நகரல, மழைக்காலம் முடிஞ்சதும் இன்னொரு தடவை அளக்கணும். வலதுக்குப் போற தட்டு இப்ப உடையுது.

பேட மாட்டறதுக்கு முன்னாடி கட்டையோட பின் முகத்தப் பாத்தேன், அங்க பென்சில்ல மங்கலா 3ன்னு எழுதி பக்கத்துல இடது பக்கம் பாத்து ஒரு அம்புக்குறி, யார் போட்டதுன்னு தெரியல, செஞ்சவரா இருக்கலாம். அத அழிக்காம, அதுக்குக் கீழ தேதி போட்டு இன்னொரு 3, வலது பக்கம் பாத்து ஒரு அம்புக்குறி போட்டுட்டு பேட மூடினேன்.